நான்கு தேடுபொறிகளும் ஒரு கல்லறையும்

நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரியில் நான் நூலகராக இருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில், வேலையை விடாமல், பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பதிவு செய்துகொண்டேன். இணையத் தேடுபொறிகளை ஒப்பிடுவதுதான் தலைப்பு. ஒரே கேள்வியை நான்கு தேடுபொறிகளில் போட்டால் எது சரியான பக்கத்தை முன்னால் கொண்டுவருகிறது, தமிழில் கேட்டால் என்ன வருகிறது, ஆங்கிலத்தில் கேட்டால் என்ன வருகிறது என்று பார்த்து எழுத வேண்டும். வீட்டில் சொன்னபோது என் கணவர், "ஒரே சாமான நாலு கடையில போய்க் கேட்டுப் பாக்க மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

முதலில் முப்பது கேள்விகளை நானே எழுதிக்கொண்டு நெறியாளரிடம் போனேன். அவர் திருநெல்வேலிக்காரர், அதிகம் பேசமாட்டார். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதெல்லாம் பதில் தெரிஞ்சவங்க கேக்கிற கேள்வி. நெசமாவே பதில் வேணும்னு இருக்கிற ஆட்கள்கிட்ட போங்க. அவங்க வாயில என்ன வருதோ அதையே போடுங்க. வந்த பதில் சரியா இல்லையான்னும் அவங்களே சொல்லட்டும்" என்றார்.

அப்படித்தான் ஆள் தேட ஆரம்பித்தேன். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருக்கும் ஒருவர், கூட்டுக்குள் புழுக்கள் அழுகிச் சாவது ஏன் என்று கேட்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், காது கேட்கும் கருவியின் பேட்டரியைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொருவரையும் நூலகத்தின் பின்னறைக் கணினியில் என் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொன்ன சொற்களை அப்படியே தட்டுவேன். நான்கு தேடுபொறிகளுக்கும் குறிப்பேட்டில் அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் முதல் பத்து இணைப்புகளை மட்டும் திறப்போம். "இது நீங்க கேட்டதுக்குப் பதிலா?" என்று கேட்பேன். ஆமாம் என்றால் இரண்டு, கொஞ்சம் உதவும் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். பத்துக்குமேல் யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்று எனக்கு முன்னால் இந்த ஆய்வைச் செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். நானும் பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த விஷயங்களில் கறாராக இருந்தேன். முன்பு தேடியதை ஞாபகம் வைத்துக்கொண்டு தேடுபொறி ஆளுக்குத் தகுந்தாற்போல் பதில் சொல்லும் என்பதால், ஒவ்வொரு முறையும் பழைய தடத்தையெல்லாம் அழித்துவிட்டுத்தான் தொடங்குவேன். நான்கையும் ஒரே மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். கேட்டவர் சொல்லில் நான் கைவைக்கக் கூடாது என்பதும் ஒரு விதி.

எங்கள் நூலகத்தில் உதவியாளராக ஓர் அக்கா இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கேரள எல்லையோரம், புதுக்கடைக்கு உள்ளே தள்ளி ஓர் ஊர். இரண்டு பஸ் மாறி வந்தும் காலையில் எனக்கு முன்னால் வந்து கதவைத் திறந்திருப்பார். புத்தக முதுகில் எண் ஒட்டுவது, கிழிந்த அட்டையை ஒட்டிப் போடுவது, பிள்ளைகள் மேஜையில் விட்டுப்போன புத்தகங்களை அலமாரியில் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் பேச்சின் இழுப்பைக் கேட்டுக் மாவட்டத்தின் கிழக்கிலிருந்து வரும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசிக் காட்டுவார். கணவர் வளைகுடா நாட்டில் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். கொரோனாக் காலம் என்பதும் தெரியும். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார்.

"டீச்சரே, இதுல யாரும் கேள்வி கேக்கலாமா? படிச்சவங்க மட்டும் தானா?"

"யாரும் கேக்கலாம் அக்கா. உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்க மாப்பிளைய அடக்கம் பண்ணின எடம் எங்க இருக்குன்னு பாக்கணும்."

உட்காரச் சொன்னேன். அன்றுதான் முழுக்கச் சொன்னார். கணவர் அங்கே கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். பதினான்கு வருஷம் போய்ப் போய் வந்தவர். ஒரு காலையில் அறையில் கூட இருந்தவர்கள் எழுப்பியபோது எழவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். விமானம் ஒன்றும் ஓடாத நேரம். கம்பெனியிலிருந்து ஒருவர் பேசி, உடலை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று எழுதி அனுப்பச் சொன்னார். அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து அனுப்பினார். மாதங்கள் கழித்துத் தபாலில் பாஸ்போர்ட்டும் இறப்புச் சான்றிதழும் ஒரு பையில் துணிகளும் வந்தன. சான்றிதழில் இறந்த ஊர் இருந்தது. அடக்கம் செய்த இடம் இல்லை.

"சபையில பாஸ்டர் கேட்டாரு, அடக்கம் பண்ணின எடம் எதுன்னு. ரெஜிஸ்டர்ல எழுதணுமாம். நான் வெளிநாடுன்னு சொன்னேன். அதையே எழுதிட்டாரு. எல்லாருக்கும் ஒரு கல்லறைத் தோட்டத்துக்க பேரு இருக்கு. இவருக்கு மட்டும் வெளிநாடுன்னு இருக்கு."

விதிப்படி அவர் சொன்ன சொற்களையே தட்டினேன். 'எனக்க மாப்பிளைய அடக்கம் பண்ணின எடம்.' தேடுபொறி அ, அவர் சொன்னதைத் திருத்திக்கொண்டு 'மாப்பிள்ளை' என்று தேடியது. பத்தில் ஆறு பக்கங்கள் திருமணத் தகவல் மையங்கள். கோட்டுப் போட்ட இளைஞர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் கணவன். தேடுபொறிக்கு அது மணமகன். தேடுபொறி ஆ 'அடக்கம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. மனிதனுக்கு அடக்கம் வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிய கட்டுரைகள் வந்தன. இ-யில் சினிமாப் பாட்டுகள். ஈ-யில் தமிழ்ப் பக்கங்களே குறைவு, வந்தவற்றுக்கும் கேள்விக்கும் தொடர்பே இல்லை.

அவர் ஒவ்வொரு பக்கத்தையும் குனிந்து பார்த்தார். நான் கேட்காமலேயே, "இல்ல" என்றார். அடுத்தது. "இல்ல." மணமகன்களைப் பார்த்து, "எல்லாம் கல்யாணக்காரங்களா இருக்காவளே" என்றார். சிரிக்கவில்லை.

விதியை ஓரமாக வைத்துவிட்டு, எழுத்துத் தமிழில் 'கணவர் உடல் புதைக்கப்பட்ட இடம்' என்று நானே தட்டினேன். அதைச் செய்திருக்கக் கூடாது. நான்கிலும் செய்தித்தாள் பக்கங்கள் வந்து விழுந்தன. கணவனைக் கொன்று வீட்டுக்குள்ளேயே புதைத்த மனைவி. கள்ளத்தொடர்பு. தோண்டி எடுத்த போலீஸ். அக்கா முதல் தலைப்பை எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். நான் சட்டென்று திரையில் அந்தப் பக்கத்தை மூடினேன். அவருடைய துக்கத்துக்கு நான் தேர்ந்தெடுத்த நல்ல தமிழ், குற்றச் செய்திகளின் தமிழாக இருந்தது.

"விடுங்க அக்கா, இங்கிலீஷ்ல பாப்போம்" என்றேன்.

ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரே ஒரு தொல்லை. அரபியில் இருக்கும் தொண்டை எழுத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட் முத்திரையில் வேறு மாதிரி, வரைபடத்தில் இன்னொரு மாதிரி. மூன்றையும் போட்டுப் பார்த்தேன். சுற்றுலா விடுதிகளைத் தவிர்க்கக் கழித்தல் குறி போட்டேன். அரசுத் தளங்களுக்குள் மட்டும் தேடினேன். ஆவணக் கோப்புகளை மட்டும் கேட்டேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்தது. போர்வீரர்கள் கல்லறை ஒன்று வந்தது. அதைப் பார்த்து, "இது வெள்ளைக்காரன் கல்லறையில்லா?" என்றார். பூஜ்யம்.

ஒரு பக்கத்தில் மட்டும் நிறைய நேரம் நின்றார். வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்த பக்கம். நான் வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்லத் தலையை அசைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு ரெண்டு போடுங்க டீச்சரே."

"இது நீங்க கேட்டதுக்குப் பதில் இல்லையே அக்கா."

"எனக்கு இல்ல. வேற யாருக்காவது வேணும்லா?"

கேட்டவருக்குப் பயன்பட்டால்தான் எண் போடலாம் என்று விளக்கினேன். "அப்போ நீங்க பாத்துப் போடுங்க" என்று எழுந்து போய்விட்டார். பூஜ்யம் போட்டேன். நான்கு தேடுபொறி, தமிழிலும் ஆங்கிலத்திலும் நாற்பது நாற்பது இணைப்பு, எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

அட்டவணையை நெறியாளரிடம் காட்டியபோது அந்த வரியில் பேனாவை வைத்தார். "எல்லாத்திலயும் பூஜ்யம்னா ஒப்பிட என்ன இருக்கு? இது ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் காட்டாது. எடுத்துட்டு வேற கேள்வி போடுங்க." முறைப்படி அவர் சொன்னது சரி. எடுத்துவிட்டேன். ஒரு மாணவி கேட்ட கல்வி உதவித்தொகைக் கேள்வியை அந்த இடத்தில் வைத்தேன். அதற்கு எண்கள் அழகாக ஏறி இறங்கின.

ஒரு வாரம் கழித்து, புத்தகங்களை அடுக்கிக்கொண்டே அக்கா கேட்டார். "டீச்சரே, எனக்க கேள்வி அந்தப் புக்குல வருமா?"

"வரும் அக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். பிறகு அது பழகிவிட்டது.

சில மாதங்கள் போயின. அவருடைய நாத்தனார் இறந்துபோனார் என்று மூன்று நாள் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்த அன்று மத்தியானம் பின்னறையில் நாங்கள் இரண்டுபேர் மட்டும் இருந்தோம். அட்டையில் பசை தடவிக்கொண்டே பேசினார்.

"அவளுக்கு நான் மூணு பிடி மண்ணு போட்டேன் டீச்சரே. பாஸ்டர் ஜெபம் பண்ணுக நேரத்துல நான் ஜெபம் பண்ணல்ல. இவருக்கு யாரு போட்டாவளோன்னு அதுதான் நெனச்சிட்டு நின்னேன்."

என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அக்கா, நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். உங்க கேள்விய எடுத்துட்டேன். அது அந்தப் புக்குல இல்ல."

அவர் பசை தடவுவதை நிறுத்தவில்லை. "தெரியும். நீங்க அடிச்ச கடலாச, அந்தத் தாளுகள, ஜெராக்ஸ் எடுக்க நான்தானே கொண்டு போனேன். வழியில நின்னு பாத்தேன். முப்பதுல ஒண்ணும் எனக்கது இல்ல."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீங்க வெஷமிப்பிய, மனசு கஷ்டப்படுவிய. ஒண்ணும் கிடைக்கல்லன்னா எதுக்குப் புக்குல போடணும்னு நானும் நெனச்சேன்."

அட்டையை ஒட்டி அழுத்திவிட்டு அவரே தொடர்ந்தார். "அவருக்க கூட்டாளி ஒருத்தன் இருந்தான். மலையாளி. அவன்தான் போட்டிருப்பான். அன்னைக்கு அவன் போன்ல சொன்னான். 'சேச்சி, செமித்தேரியில அடக்கி, ஞங்ஙள் பிரார்த்திச்சு'ன்னு. அவங்களே ஜெபமும் பண்ணியிருக்காவ. பின்ன அந்த நம்பர் போகல்ல."

"என்ன சொன்னான்? அந்த வார்த்தை?"

"செமித்தேரி. கல்லறைத் தோட்டத்துக்கு அவங்க அப்படித்தானே சொல்லுவாவ."

நான் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தேன். இத்தனை நாளும் தமிழில் தேடினேன், ஆங்கிலத்தில் தேடினேன். தேடுபொறி தானாக எதையும் அறிவதில்லை. யாரோ ஒருவர் எங்கோ எழுதிவைத்த பக்கத்தைத்தான் அது எடுத்துத் தருகிறது. அந்தக் கல்லறையின் பக்கத்தில் நின்றவர்கள் மலையாளிகள் என்றால், அதைப் பற்றி எழுதியவர்களும் மலையாளத்தில்தான் எழுதியிருப்பார்கள். நூலக அறிவியல் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

"அக்கா, உங்களுக்கு மலையாளம் எழுத வருமா?"

"எட்டு வரைக்கும் அம்மைக்க வீட்டுல நின்னுதானே படிச்சேன், அந்தப் பக்கம், கேரளாவுல. வாசிப்பேன். எழுதி நாளாச்சு."

கணினியில் மலையாள எழுத்துகளைச் சேர்த்தேன். என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். விசைப்பலகையை முதன்முதலாகத் தொடுகிறவர்போல ஒரு விரலை நீட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். எனக்கு அதில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய கணவர் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பாஸ்போர்ட்டில் அதை ஆங்கில 'எல்' எழுத்தால் எழுதியிருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் தேடியபோது அப்படியும், 'இசட் ஹெச்' என்றும் போட்டுப் பார்த்திருந்தேன். மலையாளத்தில் அந்தக் குழப்பம் இல்லை. நம்மைப் போலவே அவர்களுக்கும் அதற்கென்று ஓர் எழுத்து இருக்கிறது. கூட்டாளி சொல்லக் கேட்டு எழுதியவன் அந்த எழுத்தைத்தான் போட்டிருப்பான்.

பெயரின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடச் சொன்னேன். "எதுக்கு?" என்றார்.

"இந்த எழுத்து இப்படியே வரணும், நீ ஒண்ணும் மாத்தாதேன்னு சொல்றது."

"அப்போ மாப்பிளைய மாத்தின மாதிரி மாத்தாதா?"

"மாத்தாது."

பெயருக்குப் பக்கத்தில் 'செமித்தேரி' என்று சேர்த்தார். பிறகு ஊர்ப் பெயர். அ-வில் அதே பெயருள்ள ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். ஆ-வில் ஒன்றுமில்லை. இ-யில் முதல் பத்தில் இல்லை. என் கை பழக்கத்தில் அடுத்த தேடுபொறிக்குப் போகப் பார்த்தது. அக்கா, "நில்லுங்க, கீழ இன்னும் இருக்கே" என்றார். இரண்டாம் பக்கம் போனோம். மூன்றாம் பக்கம் போனோம். இருபத்தாறாவது இணைப்பில் அவர் விரல் நின்றது.

அங்கே இருக்கும் ஒரு மலையாளி ஜெபக் கூட்டத்தின் பக்கம் அது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் கூட்டமாகப் போய்க் கல்லறைகளைச் சுத்தம் செய்து ஜெபித்த படங்கள் நாலைந்து. வெளுத்த வானம், மணல், வரிசை வரிசையாகச் சின்னக் கான்கிரீட் பலகைகள். கீழே ஒரு பட்டியல். உறவினர் யாரும் வர முடியாத அந்த மாதங்களில் அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

அக்கா விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு இறங்கினார். ஓர் இடத்தில் விரல் அசையாமல் நின்றது.

"என்ன போட்டிருக்கு அக்கா?"

"பேரு. அவருக்க அப்பனுக்க முதல் எழுத்து. கன்யாகுமரி. பின்ன மாசம், வரிசை, நம்பர்."

இரண்டுபேரும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "டீச்சரே, இது அவருதானா? அதே பேருல வேற ஆளு இருக்குமா?" என்று கேட்டார்.

பையிலிருந்து சான்றிதழை எடுக்கச் சொன்னேன். அதை அவர் எப்போதும் பைபிளுக்குள் வைத்துப் பையில் கொண்டு நடப்பார் என்று அன்றுதான் தெரிந்தது. மாதம் ஒத்துவந்தது. முதல் எழுத்து ஒத்துவந்தது. மாவட்டமும் சரி. எனக்கு அவர்தான் என்று தோன்றுகிறது, ஆனால் அங்கே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள் என்று சொன்னேன். பக்கத்தின் அடியில் ஒரு தொடர்பு எண் இருந்தது. பழைய கூட்டாளியின் எண் போல இதுவும் போகாதோ என்று எனக்குப் பயம். அந்தப் பக்கத்தை அப்போதே இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மடித்து, சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பிறகுதான் எழுந்துபோய்க் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவினார்.

உடனே கூப்பிடவில்லை. மூன்று நாள் ஆனது. நான் கேட்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம், "டீச்சரே, பக்கத்துல நிக்கியளா?" என்று வந்து கூப்பிட்டார். நூலகத்தின் பின்படியில் உட்கார்ந்துகொண்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். எடுத்தது ஒரு பெண். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவர். அக்கா சொன்னதை அந்த நர்ஸ் முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகப் பேசினார். அவர்கள் பேசிய மலையாளம் எனக்குப் பாதிக்குமேல் புரிந்தது. கம்பி கட்டுகிறவர், தமிழர், கூட ஒரு மலையாளி வந்தான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு ஞாபகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. போய்ப் பார்த்துவிட்டுப் படம் அனுப்புகிறேன் என்றார்.

"சேச்சி, பேர் விட்டுப் போகாம எழுதினது ஆரு?" என்று அக்கா கேட்டார்.

"ஞங்ஙள் நாலு பேர்" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலை அக்கா போனை என்னிடம் நீட்டினார். படத்தில் மணலுக்குள் பாதி புதைந்த ஒரு பலகை. அதில் கறுப்புச் சாயத்தால் ஓர் எண். அச்செடுத்த தாளில் இருந்த அதே எண். பலகைக்கு முன்னால் பிளாஸ்டிக் பூ ஒரு கொத்து. ஓரத்தில் படம் எடுத்த பெண்ணின் நிழல் விழுந்திருந்தது.

"பெருசாக்குங்க" என்றார். பெரிதாக்கினேன். "மரம் ஒண்ணும் இல்லையே டீச்சரே. அவருக்கு வெயிலு தாங்காது. வேலைக்குப் போற எடத்துலயும் வெயிலு, இங்கயும் வெயிலு." பிறகு படத்தை விரலால் நகர்த்தி, இரண்டு பக்கமும் இருந்த மற்றப் பலகைகளைப் பார்த்தார். "அடுத்தடுத்து ஆளு இருக்கு. தனியா இல்ல."

அடுத்த ஞாயிறு அச்சுத்தாளையும் படத்தையும் பாஸ்டரிடம் கொண்டுபோனார். ரெஜிஸ்டரில் 'வெளிநாடு' என்றிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, கல்லறையின் பெயரையும் வரிசையையும் எண்ணையும் எழுதி, பக்கத்தில் பாஸ்டர் கையெழுத்துப் போட்டாராம். "அடிச்சு எழுதினதுதான். ஆனாலும் வாசிக்கலாம்" என்றார் அக்கா.

நான் நெறியாளரிடம் போய், எடுத்துப்போட்ட கேள்வியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "பத்துக்குள்ள வரல. கேள்வியும் மாறிப்போச்சு. உங்க முறைப்படி இன்னும் பூஜ்யம்தான்" என்றார். அது எனக்கும் தெரியும். பூஜ்யமாகவே சேர்க்கிறேன் என்றேன். கீழே ஒரு பத்தி எழுதிக்கொள்ள ஒப்புக்கொண்டார். பேச்சு வழக்குச் சொல்லைத் தேடுபொறி தன் இஷ்டத்துக்குத் திருத்துவது, எழுத்துத் தமிழ் குற்றச் செய்திக்குப் போவது, எல்லையோரத்து மக்களின் கேள்விக்குப் பதில் பக்கத்து மொழியில் கிடப்பது, பத்து இணைப்போடு நிறுத்துவது யாருக்குச் சரி, யாருக்குச் சரியில்லை என்பதையெல்லாம் அந்தப் பத்தியில் எழுதினேன். அதை எழுதத்தான் மற்ற அத்தியாயங்களைவிட அதிக நாள் பிடித்தது. வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அட்டவணையின் அந்த வரியைக் காட்டி, அச்சுப் பிழையா என்றார். இல்லை ஐயா, நாலும் பூஜ்யம்தான் என்றேன். சரி என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

கொஞ்ச நாளுக்குப் பிறகு அந்த ஜெபக் கூட்டத்தின் பக்கம் இணையத்திலிருந்து போய்விட்டது. எந்தத் தேடுபொறியில் போட்டாலும் இப்போது வருவதில்லை. ஏன் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. இணையத்தில் இடத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் விட்டிருக்கலாம், எழுதிய நாலுபேரும் வேறு ஊர்களுக்குப் போயிருக்கலாம். அக்காவிடம் சொன்னபோது திடுக்கிட்டார். "அப்போ அதுல இருந்த மத்தவங்க?" என்றார். என்னிடம் இருக்கும் பிரதியைக் காட்டினேன். மொத்தப் பட்டியலும் அதில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் என்று போட்டிருந்தவர்கள் அவரைத் தவிர இரண்டுபேர். அவர்கள் வீட்டாரைத் தேடிப் பார்த்தோம். ஒரு வீடு கிடைத்தது. இன்னொன்று இன்னும் கிடைக்கவில்லை.

பேச்சு எப்படியோ பரவியது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கா தன் ஊருக்கு அடுத்த கடற்கரையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தம்பி வேலைக்குப் போன இடத்தில் இறந்ததாகத் தகவல் மட்டும் வந்தது, ஒரு தாள்கூட வரவில்லை என்றார். நான் கணினியைத் திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அக்காதான் உட்கார்ந்தார். இப்போது இரண்டு விரலால் தட்டுகிறார்.

"ஏட்டி, தம்பிக்க பேர வீட்டுல எப்படிக் கூப்பிடுவிய? பாஸ்போர்ட்டுல எப்படி? அங்க கூட வேல பாத்தவன் எந்த ஊரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பழைய நூலகப் பட்டியல் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பெயரை ஏழு விதமாக எழுதினார். தமிழில் மூன்று, ஆங்கிலத்தில் மூன்று, மலையாளத்தில் ஒன்று. கூட வேலை பார்த்தவன் வங்காளத்துக்காரனாக இருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் வங்காளம் தெரியாது.

ஏழு விதத்தையும் நான்கு தேடுபொறிகளிலும் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பக்கம் உள்ளே போனார்கள். நாலு மணிக்குக் காவலாளி வந்து கதவடைக்க வேண்டும் என்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் சீட்டைக் கேட்டு வாங்கித் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமையும் வரலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

வாருங்கள் என்றேன். வங்காளம் தெரிந்தவர் யாராவது கிடைப்பார்களா என்று அதற்குள் நான் விசாரித்து வைப்பதாகச் சொன்னேன். அக்கா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.